வசதி வந்தால் வீடு சிறுக்குமா? குடும்ப அளவும் பொருளாதாரக் கொள்கையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வசதி வந்தால் பிள்ளைகள் குறையும் என்கிறார்கள். உண்மையா?

பெரும்பாலும் உண்மைதான். 2019–21இல் எடுக்கப்பட்ட தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவின் ஏழ்மையான ஐந்தில் ஒரு பங்கு குடும்பங்களில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 2.6 குழந்தைகள். மிக வசதியான ஐந்தில் ஒரு பங்கில் 1.6. மாநிலங்களைப் பார்த்தாலும் இதே கதைதான். பீகாரில் 3.0, தமிழ்நாட்டில் 1.8. பீகாரின் தனிநபர் வருமானம் தமிழ்நாட்டினுடையதில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு.

ஆனால் இரண்டும் சேர்ந்து வருகிறது என்பதால் ஒன்றுதான் மற்றதைக் கொண்டுவந்தது என்று சொல்லிவிட முடியாது. இஸ்ரேல் பணக்கார நாடு, அங்கே இன்றும் ஒரு பெண்ணுக்கு 3 குழந்தைகளை ஒட்டித்தான் பிறக்கின்றன. வங்கதேசமோ 1970களில் 6க்கு மேல் இருந்து, ஏழை நாடாக இருக்கும்போதே, 2000 வாக்கில் 3ஐ ஒட்டி இறங்கிவிட்டது. வீடு வீடாகப் போன பெண் சுகாதாரப் பணியாளர்களுக்கு அதில் பெரிய பங்கு உண்டு. பணம் இருக்கிறதா என்பதைவிட, ஒரு குழந்தையால் அந்த வீட்டுக்கு என்ன செலவு, என்ன வரவு, அந்தச் செலவை யார் தலையில் கட்டுகிறார்கள் என்று கேட்டால் கூடுதலாக விளங்கும்.

கையில் காசு இருந்தால் கூடுதலாகப் பெற்றுக்கொள்ளலாமே? ஏன் குறைக்கிறார்கள்?

இதே சந்தேகம் ஆங்கிலேயப் பொருளாதார அறிஞர் மால்தஸுக்கும் இருந்தது. 1798இல் அவர் சொன்னது இன்று நடப்பதற்கு நேர் எதிர்: சோறு கூடினால் மக்களும் கூடுவார்கள், கூடிக் கூடிப் பஞ்சத்தில் போய் நிற்பார்கள் என்றார். அவர் வாழ்ந்த இங்கிலாந்திலேயே அடுத்த நூற்றாண்டின் கடைசியில் வருமானம் ஏற ஏறப் பிறப்பு இறங்கியது.

இதற்குப் பொருளாதார மொழியில் விளக்கம் தேடியவர்களில் கேரி பெக்கர் முக்கியமானவர். 1992இல் நோபல் பரிசு பெற்றவர். அவர் வாதத்தை நம் ஊர்க் கணக்கில் சொன்னால் இப்படி வரும். வயல்வேலை செய்யும் குடும்பத்தில் எட்டு வயதுப் பையன் மாடு மேய்ப்பான், பெண் தம்பியைத் தூக்கிக்கொள்வாள். இரண்டு பேரும் உழைக்கும் கைகள். அதே பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப ஆரம்பித்ததும் கணக்கு புரண்டுவிடுகிறது. புத்தகம், வேன் கட்டணம், டியூஷன், நீட் பயிற்சி, பொறியியல் கல்லூரிக் கட்டணம். இருபத்திரண்டு வயதுவரை செலவு மட்டும்தான். நான்கு பிள்ளைகளை அரைகுறையாகப் படிக்கவைப்பதைவிட ஒன்றிரண்டை நன்றாகப் படிக்கவைக்கலாம் என்று பெற்றோர் முடிவெடுக்கிறார்கள்.

அப்புறம் அம்மாவின் நேரம். ஒரு பெண் மாதம் 5,000 ரூபாய் சம்பாதித்தபோது வேலையை விடுவதால் வீட்டுக்கு இழப்பு 5,000. அவளே 40,000 சம்பாதித்தால் இழப்பும் 40,000. சம்பளம் ஏற ஏறக் குழந்தையின் 'விலை'யும் ஏறுகிறது என்று பெக்கர் வழிவந்தவர்கள் சொல்வதன் பொருள் இதுதான். அப்பாவின் நேரத்தை ஏன் யாரும் கணக்கில் எடுப்பதில்லை என்று கேட்டால், அதற்குப் பொருளாதார நூலில் பதில் தேட வேண்டியதில்லை.

தமிழ்நாட்டிலும் இப்படித்தான் நடந்ததா?

தமிழ்நாட்டுக் கதை இந்தப் பாடத்தில் அப்படியே அடங்காது. தமிழ்நாடு 1993 வாக்கிலேயே 2.1ஐத் தொட்டுவிட்டது. ஒரு தலைமுறை தன் இடத்தை அடுத்த தலைமுறையால் நிரப்பிக்கொள்ளத் தேவையான எண் அது. கேரளம் 1988 வாக்கில் தொட்டது. 1993இல் தாராளமயம் வந்து இரண்டு வருடம்கூட முழுதாக ஆகவில்லை. ஓஎம்ஆர் சாலையில் ஐடி கட்டடங்கள் இல்லை, ஸ்ரீபெரும்புதூரில் கார் ஆலைகள் இல்லை. அதாவது பணம் வந்து பிள்ளைகள் குறையவில்லை. பிள்ளைகள் முதலில் குறைந்தார்கள், பணம் பிறகு வந்தது.

என் பாட்டி ஒன்பது பெற்றார், ஆறு தங்கியது. என் அம்மாவுக்கு நாங்கள் மூன்று பேர். இந்த இரண்டு தலைமுறைக்கு நடுவில் எங்கள் குடும்பம் ஒன்றும் பணக்காரக் குடும்பம் ஆகிவிடவில்லை. மாறியவை வேறு.

முதலில், பிறந்த குழந்தை பிழைக்கும் என்ற நம்பிக்கை. 1971இல் இந்தியாவில் பிறந்த 1,000 குழந்தைகளில் 129 குழந்தைகள் ஒரு வயதைத் தாண்டவில்லை. இரண்டு தங்க வேண்டுமானால் நான்கைந்து பெற வேண்டும் என்று பாட்டிமார் நினைத்தது மூடத்தனம் இல்லை. அனுபவக் கணக்கு. 2020இல் தமிழ்நாட்டில் அந்த எண் 13. ஆரம்ப சுகாதார நிலையமும், தடுப்பூசிப் பெட்டியோடு வந்த கிராம சுகாதார செவிலியரும் இல்லாமல் இது நடந்திருக்காது.

இரண்டாவது, பள்ளிக்கூடம். காமராசர் காலத்தில் 1956இல் தொடங்கிய மதிய உணவும், 1982இல் எம்.ஜி.ஆர். விரிவுபடுத்திய சத்துணவும் பிள்ளைகளை வயல்காட்டிலிருந்து வகுப்பறைக்கு இழுத்து வந்தன. பிள்ளை வேலைக்குப் போவது நின்றதும், 'இன்னொன்று இருந்தால் ஒத்தாசை' என்ற நினைப்பு பெற்றோரிடம் வலுவிழந்தது. பெண்பிள்ளை கூடுதலாக நான்கு வகுப்பு படித்தால் திருமணமும் அத்தனை வருடம் தள்ளிப்போகும். 1989இல் வந்த மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் திருமண உதவித் திட்டம், மணப்பெண் குறிப்பிட்ட வகுப்புவரை படித்திருந்தால்தான் பணம் என்று நிபந்தனை வைத்தது. கல்யாணத்துக்கு உதவுகிறேன் என்று சொல்லிக் கல்யாணத்தைத் தள்ளிப்போட்ட கெட்டிக்காரத் திட்டம். 2022இல் அது கல்லூரிப் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டமாக மாறிவிட்டது.

மூன்றாவது, இதைப் பற்றி வாய்விட்டுப் பேச முடிந்தது. கர்ப்பத்தடை என்ற சொல்லைச் சொல்லவே நாடு கூசிய 1920களின் கடைசியில் பெரியார் அதைப் பத்திரிகையில் எழுதினார், மேடையில் பேசினார். அதிலும் அவர் நாட்டு நன்மைக்காகவோ சொத்து சிதறாமல் இருக்கவோ பேசவில்லை, பெண் சுதந்திரமாக வாழ்வதற்கு அது வேண்டும் என்றார். அந்த அழுத்தம் வேறு மாநிலங்களில் அபூர்வம். இதெல்லாம் பிரசவ வார்டுவரை எத்தனை தூரம் எட்டியது என்று அளந்து சொல்ல முடியாது. ஆனால் பிற்காலத்தில் 'நாம் இருவர் நமக்கு இருவர்' என்று சுவரில் குடும்பக் கட்டுப்பாட்டுச் சின்னமான சிவப்பு முக்கோணம் வரைந்தபோது இங்கே யாரும் பெரிதாக முகம் சுளிக்கவில்லை.

கட்டாயக் கருத்தடையால் குறைந்தது என்றும் சொல்கிறார்களே?

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 1974இல் புக்கரெஸ்டில் நடந்த உலக மக்கள்தொகை மாநாட்டில் இந்தியாவின் சார்பில் பேசிய அன்றைய சுகாதார அமைச்சர் கரண் சிங், 'வளர்ச்சியே சிறந்த கருத்தடை' என்றார். இன்றைக்கும் மேற்கோள் காட்டுகிறார்கள். அதே கரண் சிங்தான் நெருக்கடி நிலைக் காலத்தில், 1976 ஏப்ரலில், புதிய மக்கள்தொகைக் கொள்கையை அறிவித்து, கல்வியும் வளர்ச்சியும் வந்து பிறப்பைக் குறைக்கும் என்று காத்திருப்பது நடைமுறைக்கு ஒத்துவராது என்றார். 1976–77இல் மட்டும் 80 லட்சத்துக்கும் மேற்பட்டோருக்குக் கருத்தடை அறுவை நடந்தது. பெரும்பாலானவர்கள் ஆண்கள். வட மாநிலங்களில்தான் கொடுமை அதிகம்.

பலன்? 1977 தேர்தலில் இந்திரா காந்தியின் ஆட்சி போனது. அதோடு ஆண்களுக்கான அறுவை சிகிச்சை என்ற பேச்சே நாட்டில் எடுபடாமல் போய்விட்டது. பலவந்தம் அதிகமாக இருந்த மாநிலங்களில்தான் பிறப்பு விகிதம் மெதுவாக இறங்கியது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

அப்படியென்றால் சுமை முழுக்கப் பெண்கள் மேல் விழுந்துவிட்டதா?

ஆமாம். தமிழ்நாட்டில் திருமணமான பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் குடும்பக் கட்டுப்பாட்டு (கு.க.) ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். ஆண்களில் அதைச் செய்துகொண்டவர்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. இரண்டாவது பிரசவம் முடிந்த கையோடு, வார்டிலேயே, 'ஆபரேஷன் பண்ணிடலாமா?' என்ற கேள்வி வரும். இருபத்தைந்து வயதுப் பெண் அந்த நேரத்தில் எவ்வளவு யோசித்துப் பதில் சொல்லியிருப்பாள் என்பது எனக்கு எப்போதும் உறுத்தும்.

இன்னொரு இருட்டான பக்கமும் உண்டு. இரண்டு போதும் என்று வந்தபின் அந்த இரண்டில் ஒன்றாவது ஆணாக இருக்க வேண்டும் என்ற வெறி சில பகுதிகளில் கூடியது. உசிலம்பட்டியும் சேலமும் பெண் சிசுக்கொலைக்காகச் செய்தியில் வந்தன. வேண்டாமென்று நினைக்கும் பெண் குழந்தையை அரசிடம் ஒப்படைக்க வழிசெய்யும் தொட்டில் குழந்தைத் திட்டம் 1992இல் தொடங்கப்பட்டதன் பின்னணி அதுதான். சிறு குடும்பம் என்பதை வெற்றிக்கதையாக மட்டும் சொல்பவர்கள் இந்த வரியைத் தாண்டிப் போய்விடுவார்கள்.

பிள்ளைகள் குறைந்ததால் பொருளாதாரத்துக்கு என்ன லாபம்?

சம்பாதிப்பவர் தோளில் தொங்குபவர்கள் குறைகிறார்கள். 20 வருடம் முன்பு பிறந்தவர்கள் வேலைக்கு வந்துவிட்டார்கள், புதிதாகப் பிறப்பவர்கள் குறைவு, முதியவர்கள் இன்னும் அதிகமாகவில்லை. இந்த இடைவெளியில் வீட்டில் கொஞ்சம் மிச்சம் பிடிக்கலாம், அரசும் புதுப் பள்ளிக்கூடம் கட்டிக்கொண்டே இருக்காமல் இருப்பதை மேம்படுத்தலாம். தென்கொரியா, தைவான் போன்ற நாடுகளின் வேகமான வளர்ச்சியில் இந்த இடைவெளிக்குக் கணிசமான பங்கு உண்டு என்பது பொருளாதார அறிஞர்கள் பெரும்பாலும் ஏற்றுக்கொண்ட கருத்து.

தமிழ்நாட்டில் இதன் முகம் தொழிற்சாலைப் பேருந்தில் தெரியும். இந்தியாவில் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களில் 40 விழுக்காட்டுக்கு மேல் இந்த ஒரு மாநிலத்தில் இருக்கிறார்கள். திருப்பூர்ப் பின்னலாடை, ஓசூர், ஸ்ரீபெரும்புதூர் மின்னணு ஆலைகள். ஐந்து பிள்ளை பெற்ற பெண்ணால் ஷிஃப்ட் வேலைக்குப் போயிருக்க முடியாது. ஆனால் இடைவெளி தானாகவே லாபம் தந்துவிடாது. அந்தச் சமயத்தில் ஆலையும் வேலையும் இருக்க வேண்டும். அது ஒருமுறைதான் வரும் என்பது இன்னொரு விஷயம்.

தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்கு 1.8 குழந்தை என்றும் சொல்கிறார்கள், 1.4 என்றும் சொல்கிறார்கள். எது சரி?

இரண்டும் அரசு எண்கள்தான். 1.8 குடும்பநலக் கணக்கெடுப்பு. 1.4 என்பது மாதிரிப் பதிவு முறை என்ற வேறொரு தொடர் கணக்கின் 2020ஆம் ஆண்டு எண். முறை வேறு, மாதிரி வேறு. எதை எடுத்தாலும் 2.1க்குக் கீழே என்பதில் மாற்றமில்லை.

குடும்பத்தைக் குறைத்த மாநிலத்துக்கு டெல்லி தண்டனை தருகிறது என்பது சரியா?

பாதி சரி. கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டிய இடம் இது.

ஒன்றிய அரசு வசூலிக்கும் வரிகளில் ஒரு பகுதியை, ஐந்து வருடத்துக்கு ஒருமுறை அமைக்கப்படும் நிதிக்குழு மாநிலங்களுக்குப் பிரிக்கிறது. பிரிக்கும் அளவுகோல்களில் மக்கள்தொகை ஒன்று. ஆள் கூடினால் பணம் கூடும் என்றால், எந்த மாநிலம் குடும்பக் கட்டுப்பாட்டை ஒழுங்காகச் செய்யும்? அதனால்தான் 1976ஆம் ஆண்டுக் கொள்கை, பங்கீட்டுக்கு 1971 மக்கள்தொகையையே எடுத்துக்கொள்ள வேண்டும் என்றது. பல நிதிக்குழுக்கள் அப்படியே செய்தன. 14ஆவது நிதிக்குழு 2011 மக்கள்தொகையையும் ஓரளவு சேர்த்தது. 15ஆவது நிதிக்குழு 1971ஐ விட்டுவிட்டு 2011ஐ எடுத்துக்கொண்டது. தென்மாநிலங்கள் கொதித்தது அப்போதுதான்.

ஈடுகட்டுவதற்காக அதே குழு 'மக்கள்தொகைச் செயல்பாடு' என்று ஒரு புது அளவுகோலுக்கு 12.5% எடை கொடுத்தது. பிறப்பு விகிதம் குறைவாக இருந்தால் மதிப்பெண் கூடும். நேரடி மக்கள்தொகைக்கு 15%, பரப்பளவுக்கு 15%, காட்டுக்கு 10%. ஆனால் பெரிய எடை, 45%, வருமான இடைவெளிக்கு. பணக்கார மாநிலத்திலிருந்து எவ்வளவு பின்தங்கியிருக்கிறதோ அவ்வளவு கூடுதல் பங்கு. அந்த இடைவெளியும் மாநிலத்தின் மக்கள்தொகையால் பெருக்கப்படுகிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

9ஆவது நிதிக்குழு காலத்தில் தமிழ்நாட்டின் பங்கு 7.931%. 15ஆவதில் 4.079%. பாதியை ஒட்டி வந்துவிட்டது. இதற்குக் குடும்பக் கட்டுப்பாட்டை மட்டும் காரணமாகச் சொல்வது மேடைப் பேச்சு. பெரிய காரணம், மற்றவர்களோடு ஒப்பிட்டால் நாம் வசதியாகிவிட்டோம் என்பதே. ஏழை மாநிலத்துக்குக் கூடுதலாகக் கொடுப்பதை நான் தவறென்று சொல்லமாட்டேன். நம் மாநிலத்துக்குள்ளேயே சென்னையில் வசூலாகும் வரியில்தானே தருமபுரியில் சாலை போடுகிறோம்? எனக்கு உறுத்துவது வேறு. செஸ், கூடுதல் வரி என்று ஒன்றிய அரசு தனியாக வசூலிப்பது இந்தப் பங்கீட்டுக்குள் வருவதே இல்லை. பிரிக்கும் இலையின் அளவையே சுருக்கிவிட்டு, யாருக்கு எத்தனை கரண்டி என்று நம்மைச் சண்டைபோட விடுகிறார்கள்.

நாடாளுமன்றத் தொகுதியும் குறையுமா?

மாநிலங்களுக்குத் தொகுதிகளைப் பிரிப்பதும் மக்கள்தொகைப்படிதான். அந்தப் பங்கீடு 1971 கணக்கில் உறைந்திருப்பதும் அதே 1976இல் தொடங்கியதுதான். 42ஆவது அரசியல் சட்டத் திருத்தம் அதை 2001 வரை உறையவைத்தது. 84ஆவது திருத்தம் 2026க்குப் பிறகு வரும் முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்புவரை நீட்டித்தது. தமிழ்நாட்டுக்கு முன்பு 41 தொகுதிகள் இருந்தன, 1967 தேர்தலிலிருந்து 39. எண்ணிக்கை 39ஆகவே இருந்து உத்தரப்பிரதேசத்துக்கு மட்டும் கூடினாலும் நம் குரலின் எடை குறையும். அதனால் 'ஒரு தொகுதிகூடக் குறையாது' என்ற உறுதிமொழி மட்டும் பதிலாகாது.

வேலைக்கு ஆள் இல்லை, அதனால்தான் வடமாநிலத்தவர் வருகிறார்களா?

ஒரு காரணம் அது. இங்கே இளைஞர் எண்ணிக்கை தட்டையாகிவிட்டது, இருப்பவர்களும் பட்டம் படித்துவிட்டு ஆலைத் தரையில் நிற்க விரும்புவதில்லை. பீகாரிலும் ஒடிசாவிலும் இளைஞர்கள் அதிகம், வேலை குறைவு. ரயில் இரண்டையும் சேர்த்துவைக்கிறது. திருப்பூரில், கட்டுமானத்தில், ஓட்டல் சமையலறையில் இப்போது அவர்கள் இல்லாமல் வேலை ஓடாது. ஒரு விதத்தில் பார்த்தால், அவர்களை வளர்த்த செலவு அவர்கள் ஊருடையது, உழைப்பின் பலன் நமக்கு. நிதிக்குழுச் சண்டையில் யாரும் வாய்திறக்காத கணக்கு இது.

முதியவர்கள் கூடினால் அரசு என்ன செய்யும்?

2021இல் தமிழ்நாட்டு மக்களில் 60 வயதைத் தாண்டியவர்கள் 13.6% என்றும், 2031இல் 18.2% ஆவார்கள் என்றும் அரசின் கணிப்பு சொல்கிறது. ஐரோப்பா பணக்காரன் ஆனபின் கிழவன் ஆனது. நாம் நடுத்தர வருமானத்தில் இருக்கும்போதே முடி நரைக்கிறது. முதியோர் உதவித்தொகை மாதம் 1,200 ரூபாய். சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுபோகும் மக்களைத் தேடி மருத்துவம் 2021இல் தொடங்கியது, நல்ல காரியம். ஆனால் படுக்கையில் கிடக்கும் அம்மாவைப் பகலில் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமே? ஒரே மகள், அவளும் வேறு ஊரில் வேலையில். அந்தப் பராமரிப்பு வேலையை இன்றுவரை பெரும்பாலும் மருமகள்கள் சம்பளமில்லாமல் செய்துவருகிறார்கள்.

அரசு பணம் கொடுத்தால் மறுபடி குழந்தைகள் கூடுமா?

சிங்கப்பூரைப் பார்க்கலாம், தமிழ் வாசகர்கள் பலருக்கும் அறிமுகமான ஊர். 1972இல் 'இரண்டோடு நிறுத்து' என்று பிரசாரம் செய்தார்கள். மூன்றாவது, நான்காவது பிள்ளை என்றால் பிரசவக் கட்டணம் கூடும், பள்ளிச் சேர்க்கையில் முன்னுரிமை குறையும். 1970களின் நடுவிலேயே பிறப்பு 2.1க்குக் கீழே போய்விட்டது. ஆனால் கொள்கையைத் திருப்பியது 1987இல்தான்: 'முடிந்தால் மூன்றோ அதற்கு மேலோ பெறுங்கள்' என்றார்கள். 2001இலிருந்து குழந்தை போனஸ் என்று பணமும் தருகிறார்கள். 2023இல் ஒரு பெண்ணுக்கு 0.97 குழந்தைதான்.

தென்கொரியா இன்னும் தாமதம். 1983 வாக்கிலேயே 2.1ஐத் தொட்டும், குறைக்கச் சொல்லும் கொள்கையை 1996 வரை கைவிடவில்லை. பிறகு கோடிகோடியாகக் கொட்டினார்கள். 2023இல் 0.72, உலகிலேயே மிகக் குறைவு. நீண்ட வேலைநேரம், சியோல் நகர வீட்டு விலை, தனிப் பயிற்சி வகுப்புகள், வீட்டுவேலையில் கைவைக்காத ஆண்கள். இதில் எதையும் போனஸ் தொடவில்லை. ஹங்கேரி, நான்கு குழந்தை பெற்ற தாய்க்கு வருமான வரியே வேண்டாம் என்றது. கொஞ்சம் ஏறியது, மறுபடி இறங்கிவிட்டது.

என் கணிப்பு: பணம் கொடுத்தால், பெற நினைத்தவர்கள் சற்று முன்னதாகப் பெற்றுக்கொள்வார்கள். வேண்டாம் என்று முடிவெடுத்தவர்களை அது அசைக்காது.

'பதினாறும் பெற்று' என்று முதலமைச்சரே சொன்னாராமே?

2024 அக்டோபரில் சென்னையில் நடந்த ஒரு கூட்டுத் திருமண விழாவில் மு.க. ஸ்டாலின் தொகுதிக் குறைப்பைச் சாடும் விதமாக, பதினாறு பிள்ளைகள் பெறச் சொல்லும் நிலை வந்துவிட்டதே என்ற தொனியில் பேசினார். அந்த வாழ்த்தின் பதினாறு கல்வி, புகழ், நோயின்மை போன்ற பதினாறு பேறுகள், பிள்ளைகள் இல்லை. அது அவருக்கும் தெரியும், அதை வைத்துத்தான் அந்தப் பேச்சே. அதே மாதம் சந்திரபாபு நாயுடு ஆந்திரத்தில் கூடுதல் குழந்தைகள் பெறும்படி நிஜமாகவே கேட்டுக்கொண்டார். இரண்டுக்கு மேல் பெற்றவர் உள்ளாட்சித் தேர்தலில் நிற்கக் கூடாது என்ற விதியையும் அடுத்த மாதமே ஆந்திரம் நீக்கியது.

சரி, இப்போது மூன்றாவது குழந்தை பெற்றால் அரசு உதவி உண்டா?

சட்டங்களும் திட்டங்களும் இன்னும் பழைய காலத்திலேயே நிற்கின்றன. 2017 திருத்தத்தின்படி மகப்பேறு விடுப்பு முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம், மூன்றாவதுக்கு 12 வாரம்தான். முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி 18,000 ரூபாயும் முதல் இரண்டு பிரசவத்துக்கு மட்டும். 1992இல் வந்த முதலமைச்சரின் பெண் குழந்தை பாதுகாப்புத் திட்டத்தில் ஒரே பெண் குழந்தை என்றால் 50,000 ரூபாய், இரண்டும் பெண் என்றால் ஆளுக்கு 25,000 அந்தக் குழந்தைகள் பேரில் வைப்புத்தொகையாகப் போடுவார்கள். அதற்கு விண்ணப்பிக்கப் பிறப்புச் சான்றிதழோடு பெற்றோரில் ஒருவர் கருத்தடை செய்துகொண்டதற்கான சான்றிதழையும் இணைக்க வேண்டும். அந்தச் சான்றிதழ் வாங்கப் போகும் வழியில் ஒருகாலத்தில் சிவப்பு முக்கோணம் வரைந்திருந்த சுவர்களில், இப்போது கருத்தரிப்பு மைய விளம்பரம் ஒட்டியிருக்கிறது.